களப்பயிற்சி உள்ள படிப்பில் தம்பியைச் சேர்க்கலாமா? உண்மையிலேயே கற்றுத்தருகிறார்களா?

செஞ்சிக்கோட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தம்பி இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறான், பயாலஜி குரூப். மதிப்பெண் நன்றாகவே வந்திருக்கிறது. நீட் எழுதவில்லை, எழுதும் எண்ணமும் இல்லை. "நாலு பேருக்கு நேரா உதவுற வேலைதான்க்கா எனக்கு வேணும்" என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவன். அப்பா இல்லாததால் அவன் படிப்பு விஷயமெல்லாம் நான்தான் பார்க்கிறேன். மாமா கம்ப்யூட்டர் சயின்ஸில் போடு என்கிறார், அவர் அக்கறையில்தான் சொல்கிறார், அதையும் தட்டிவிட முடியவில்லை.

இப்போதைக்கு மூன்று யோசனை இருக்கிறது. பி.எஸ்சி. அக்ரி, அல்லது பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளநிலைப் படிப்பு) முடித்து அதிலேயே முதுநிலையான எம்.எஸ்.டபிள்யூ., அல்லது திண்டுக்கல் பக்கம் இருக்கிற காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு படிப்பு. மூன்றிலும் களப்பயிற்சிதான் பெரிய விஷயம் என்று சொல்கிறார்கள். எந்தக் கல்லூரியின் கையேட்டைத் திறந்தாலும் மாணவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு மரக்கன்று நடுகிற படம் இருக்கிறது. அந்தப் படத்தை வைத்து நான் எதை முடிவு செய்வது? நிஜமாகவே கிராமத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பி வேலை கற்றுத்தருகிறார்களா, இல்லை ரெக்கார்டு நோட்டுக்காக நடக்கிற காரியமா? அப்படிப் படித்தால் பிறகு சோறு போடுமா? படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வரப்போரம் எழுதியது:

சகோதரி, நான் கோவை வேளாண் பல்கலையின் உறுப்புக் கல்லூரி ஒன்றில் அக்ரி படித்தவன், இப்போது விவசாயிகளே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்துகிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்ரியில் முதல் மூன்று வருடம் பண்ணையில் பாத்தி கட்டுவது, நாற்று நடுவது என்று பிராக்டிகல் இருக்கும், அது கல்லூரி வளாகத்துக்குள்ளேயே. உண்மையான பயிற்சி நான்காம் வருடத்தில்தான் வரும், கிராமத்திலேயே தங்கிப் பெறும் வேளாண் பணி அனுபவம், ஆங்கிலச் சுருக்கத்தில் 'ராவே' என்று சொல்வோம். நாடு முழுக்க வேளாண் பட்டப்படிப்பில் இது கட்டாயம். 2015-ல் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) இதையும் வேறு சில பயிற்சிகளையும் சேர்த்து 'ஸ்டூடண்ட் ரெடி' என்று ஒரே திட்டமாக்கியது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு குழுவாகப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். வீடு பார்ப்பது, சமைப்பது, விவசாயிகளிடம் பேசுவது எல்லாம் நம் பொறுப்பு. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் இருக்கும் அலுவலரோடு சுற்ற வேண்டும்.

போன புதிதில் ஊரைப் படம் வரையச் சொல்வார்கள். கோயில் வாசலிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ தரையில் கோலப்பொடியால் தெரு, ஏரி, கிணறு, எந்தப் பக்கம் என்ன பயிர் என்று வரைவது. வரைவது மாணவன் கை, சொல்வது ஊர்க்காரர்கள். "அந்தக் கிணறு தூர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு, அழிங்க தம்பி" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் அது எங்கள் பங்கு, இன்னும் தண்ணீர் இருக்கிறது என்பார். அந்த வாக்குவாதத்தில்தான் அந்த ஊரில் தண்ணீர் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதே புரியும். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்து செயல்விளக்கம். விதை நெல்லை உப்புக்கரைசலில் போட்டுத் தேர்வு செய்வதைக் காட்டினோம். தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, உள்ளே போட்ட முட்டை மிதந்து அதன் தலை ஒரு சின்ன நாணயம் அளவுக்கு மேலே தெரியும்போது நிறுத்திவிட்டு நெல்லைக் கொட்ட வேண்டும். பதரும் அரைகுறை மணியும் மேலே வரும், திரட்சியான மணி அடியில் நிற்கும். அதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு விதைக்கலாம். வகுப்பில் இது அரைப் பக்கப் பாடம், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தோம். ஊரில் ஒரு பாட்டி "உப்புல முக்குன விதை முளைக்குமாய்யா?" என்று கேட்டார். முளைக்கும் என்று வாயால் சொன்னால் அவர் நம்புவாரா? கழுவிய விதையையும் சாதாரண விதையையும் தனித்தனி ஈரச் சாக்கில் முளைகட்டி அவர் திண்ணையிலேயே வைத்தோம். இரண்டும் முளைத்ததைப் பார்த்த பிறகுதான் தன் மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு விவசாயி எதை நம்புவார், எதை நம்பமாட்டார் என்பதுதான் இந்த வேலைக்கே அடிப்படை. இன்றைக்கும் நான் எங்கள் நிறுவனத்து உறுப்பினர்களிடம் புதிதாக எதையாவது கொண்டுபோகும்போது முதலில் யார் திண்ணையில் வைப்பது என்றுதான் யோசிக்கிறேன்.

வேலை என்று பார்த்தால் டி.என்.பி.எஸ்.சி. மூலம் வேளாண்மை அலுவலர், வங்கிகளில் வேளாண் அதிகாரி, விதை உரக் கம்பெனிகள், எங்களைப் போல உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்று வழி இருக்கிறது. அரசு வேலைக்குப் போட்டி கடுமை, அதைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஆசை காட்டுவதற்கு முன்னால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் படித்த தனியார் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) கிராம முகாம் என்றால் ஒரு வேனில் போவோம், பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், பேனர் பிடித்து ஊர்வலம், போட்டோ, மாலையில் திரும்பிவிடுவோம். ரெக்கார்டு நோட்டு சீனியரிடமிருந்து வரும், ஊர் பெயரையும் தேதியையும் மாற்றி எழுதினால் கையெழுத்து. அந்த ஊரில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் 2 வருடத்தில் 240 மணி நேரம், 7 நாள் முகாம் என்று விதி தெளிவாகத்தான் இருக்கிறது. அதை மனதார நடத்துகிற ஆசிரியர் கிடைத்த கல்லூரியில் பிள்ளைகள் அருமையாகச் செய்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் காகிதத்தில் களப்பயிற்சி இருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள் அக்கா.

மாலதிமரம் எழுதியது:

கடைசிபெஞ்ச் சொல்வது முழுக்க உண்மை, நானும் அப்படிப்பட்ட கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். நான் எம்.எஸ்.டபிள்யூ., மருத்துவ-மனநல சமூகப்பணி பிரிவு. இப்போது மருத்துவமனையில் சமூகப்பணியாளர், என்னிடமும் மாணவர்கள் களப்பணிக்கு வருகிறார்கள், அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

சமூகப்பணிப் படிப்பில் ஃபீல்டு வொர்க் என்பது தனித் தாள் மாதிரி, மதிப்பெண் உண்டு, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு உண்டு. 1936-ல் மும்பையில் இன்றைய டாட்டா சமூக அறிவியல் கல்வி நிறுவனம் தொடங்கியதிலிருந்து, 1952-ல் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் வந்ததிலிருந்து இந்தத் துறைக்கு அதுதான் முதுகெலும்பு. பெரும்பாலான இடங்களில் வாரத்துக்கு 2 நாள் ஒரு நிறுவனத்துக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைமாற்றுக் குடியிருப்பு, தொழிற்சாலை என்று பருவத்துக்குப் பருவம் மாறும். நடுவில் கிராம முகாம், கடைசியில் ஒரு மாதம் போலத் தொடர்ச்சியாக ஒரே இடத்தில் பிளாக் பிளேஸ்மெண்ட்.

ஆனால் போவது மட்டும் பயிற்சி இல்லை. போய் வந்து என்ன நடந்தது என்று எழுதி, வாரம் ஒருமுறை சூப்பர்வைசர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். அங்கேதான் படிப்பு நடக்கிறது. ஒரு உதாரணம் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு மாணவி, கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை விண்ணப்பிக்க உதவினாள். இ-சேவை மையத்துக்குக் கூடவே போனாள். ஆதாரில் இனிஷியல் அப்பா பெயரில், ரேஷன் கார்டில் கணவர் பெயரில், இறப்புச் சான்றிதழில் கணவர் பெயரின் எழுத்தே வேறு. அந்த அம்மா ஏற்கெனவே இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டு, நமக்குக் கிடைக்காது என்று விட்டுவிட்டவர். மாணவி தன் ரெக்கார்டில் "விழிப்புணர்வு இல்லாததால் பயனாளி விண்ணப்பிக்கவில்லை" என்று எழுதியிருந்தாள். நான் அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டேன்: விழிப்புணர்வு இல்லாதவர் எப்படி இரண்டு அலுவலகம் ஏறி இறங்கினார்? ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அடுத்த வாரம் எந்தக் காகிதத்தில் என்ன திருத்தம், யாரிடம் மனு, எத்தனை முறை கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும் என்று வரிசையாக எழுதிக் கொண்டுவந்தாள். இப்படி ஒரு வரியைத் திருத்தும் ஆள் இல்லையென்றால் அவள் அந்தத் தவறான எண்ணத்தோடே பட்டம் வாங்கிப் போயிருப்பாள், பிறகு வாழ்நாள் முழுக்க ஏழைகளிடம் விழிப்புணர்வு பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள்.

சம்பளம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தொண்டு நிறுவனங்களில் ஆரம்பச் சம்பளம் குறைவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களின் ஆலோசகர் பணி இதெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. மனிதவளப் பிரிவு எடுத்தவர்கள் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது, அதனால் அந்த வழி பழைய வழி. வீட்டில் உடனே பணம் தேவை என்ற நிலைமை இருந்தால் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிக்கோட்டை எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். முட்டை மிதக்கும் விஷயத்தை அம்மாவிடம் கேட்டான், அம்மாவுக்கு அது முன்பே தெரியும், தாத்தா செய்வாராம்.

சரி, நல்ல கல்லூரியா, போட்டோ கல்லூரியா என்று சேருவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? அட்மிஷன் ஆபீஸில் கேட்டால் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். காந்திகிராமம் பற்றியும் யாரும் சொல்லவில்லையே.

அம்பாத்துரை_பழையவர் எழுதியது:

காந்திகிராமத்துக்கு நான் பதில் சொல்கிறேன் அம்மா, அங்கே படித்து ஓய்வும் பெற்றுவிட்டவன்.

டாக்டர் சௌந்தரம் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், மருத்துவம் படித்தவர். அவரும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டிப் பக்கம் இதைத் தொடங்கினார்கள். 1956-ல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் ஆனது, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சுதந்திரம் வந்த கையோடு ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, கிராமத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று சொன்னது. நாட்டில் அந்த எண்ணத்தில் பிறந்த நிறுவனங்கள் சிலதான், அதில் இது ஒன்று. காந்தியின் ஆதாரக்கல்விதான் வேர், அதாவது கையால் ஒரு வேலையைச் செய்துகொண்டே அறிவைச் சேர்ப்பது.

இங்கே கிராமத் தங்கல் என்று ஒன்று உண்டு. எந்தத் துறை மாணவனாக இருந்தாலும் சரி, கணிதமோ வேதியியலோ தமிழோ, ஏறக்குறைய ஒரு வாரம் ஒரு கிராமத்தில் போய்த் தங்கியே ஆக வேண்டும். எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த "எந்தத் துறையானாலும்" என்பதுதான். சமூகப்பணி படிப்பவன் கிராமத்துக்குப் போவது இயல்பு. வேதியியல் படிப்பவன் போய் அங்கே குடிநீரைச் சோதித்து, சாயப்பட்டறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு வந்தால் அவன் படிப்பைப் பார்க்கிற பார்வையே மாறும். சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்குப் பேர் போன ஊர், சாயம் என்பது அங்கே பாடம் மட்டுமில்லை.

ஒரு வாரம் போதாது என்பது என் கருத்து. ஊர் பழகுவதற்கே நாலு நாள் ஆகும், பழகின அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அதைத் தாண்டி அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிற ஆசிரியர் கிடைத்த மாணவர்கள் பாக்கியசாலிகள். இப்போது சேர்க்கை பொது நுழைவுத்தேர்வு வழியாக நடக்கிறது, எந்தப் படிப்புக்கு எப்படி என்று இந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

நீங்கள் கேட்டது மருத்துவம் இல்லை, இருந்தாலும் நீண்ட காலம் ஒரே இடத்தில் என்பதற்கு நல்ல உதாரணம் வேலூர் சி.எம்.சி. நான் அங்கே செவிலியர் பணியில் இருந்தேன். எம்.பி.பி.எஸ். சேர்ந்த முதல் வருடமே மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொல்வார்கள், ஸ்டெதாஸ்கோப்பைப் பிடிக்கவே தெரியாத பருவத்தில். குடும்பத்தில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து, அடுப்பு என்ன, கடைசியாக யார் எதற்காக ஆஸ்பத்திரி போனார்கள், எவ்வளவு கடன் ஆனது. பிறகு வரும் வருடங்களில் நோய் பற்றிய ஆய்வாக அது வளரும்.

இது நடப்பதற்குக் காரணம் கணியம்பாடி ஒன்றியத்தில் அவர்களின் சமூக சுகாதாரத் துறை பல பத்தாண்டுகளாக வேரூன்றி இருப்பதுதான். ஊரிலேயே ஒரு சுகாதாரப் பணியாளர், அவருக்கு மேல் உதவியாளர், அப்புறம் நர்ஸ், டாக்டர் என்று வரிசை இருக்கிறது. மாணவன் வந்து போவான், அந்த வேலை நிற்காது. மாணவன் தவறாகச் சொன்னதைத் திருத்த ஊரில் ஆள் இருக்கும். இப்போது நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்து வருடக்கணக்கில் தொடர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, நல்ல விதிதான். ஆனால் அடியில் இப்படி ஓர் அமைப்பு இல்லாத கல்லூரியில் பிள்ளைகள் பி.பி. பார்த்து எழுதிக்கொண்டு வருவதோடு முடிந்துவிடுகிறது. பி.பி. அதிகம் என்று சொல்லிவிட்டு அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரியாமல் நின்றால் அந்தக் குடும்பம் அடுத்த முறை கதவைத் திறக்காது.

ஏரிக்கரை எழுதியது:

நான் படித்தவன் இல்லை, உங்கள் மாணவர்கள் வந்து தங்குகிற ஊர்க்காரன். பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினராக இருந்தேன். இந்தப் பக்கத்தையும் சொல்லவா?

வருடா வருடம் ஏதாவது ஒரு கல்லூரி வருகிறது. அதே கேள்வி. வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, எத்தனை ஆடு, வருமானம் எவ்வளவு. எங்கள் பெண்கள் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து பதில் சொல்வார்கள், பிள்ளைகளுக்கு டீ போட்டுக் கொடுப்பார்கள். பிறகு ஒரு தகவலும் வராது. எழுதிக்கொண்டு போனது எங்கே போகிறது என்றே தெரியாது. எங்கள் மேல் ஆராய்ச்சி செய்துவிட்டு எங்களிடமே சொல்லாமல் போவது எந்த ஊர் நியாயம்?

ஒரே ஒரு குழு மட்டும் வேறு மாதிரி நடந்துகொண்டது. ஊரில் உள்ள கிணறு, கைப்பம்பு எல்லாவற்றிலும் தண்ணீர் எத்தனை அடியில் என்று கயிறு விட்டு அளந்து, படமாக வரைந்து, அக்டோபர் 2 கிராம சபையில் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். காலனிப் பக்கம் இருக்கிற கைப்பம்பு இரண்டும் கோடையில் வற்றிப்போகிறது என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் எண்ணாக எழுதி மினிட் புத்தகத்தில் ஏறியது அன்றைக்குத்தான். தீர்மானம் போட்டோம், பிறகு அதைக் காட்டித்தான் ஒன்றிய அலுவலகத்தில் பேசினோம். அந்தப் பிள்ளைகளின் பெயர் எங்கள் ஊரில் இன்னும் சொல்வார்கள். அம்மா, உங்கள் தம்பி எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் சரி, போகிற ஊருக்குத் திருப்பிச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள்.

மாலதிமரம் எழுதியது:

ஏரிக்கரை ஐயா சொன்னதை என் மாணவர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். அறிக்கையைத் துறையில் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் நாங்களே பழக்கியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டியது ஆசிரியர்கள், என்னைப் போன்ற சூப்பர்வைசர்கள்.

சகோதரி, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்களே. அட்மிஷன் ஆபீஸை விட்டுவிட்டு நேராகத் துறைக்குப் போங்கள், இரண்டாம் மூன்றாம் வருட மாணவர்களைப் பிடித்துப் பேசுங்கள். "போன வாரம் எங்கே போனீங்க, அங்கே யாரைப் பார்த்தீங்க" என்று கேளுங்கள். உண்மையில் போகிறவர்கள் ஆள் பெயரோடு, இட பெயரோடு, சலிப்போடு கதை சொல்வார்கள். "அவேர்னஸ் ப்ரோக்ராம் பண்ணோம்" என்று மட்டும் சொன்னால் சந்தேகப்படுங்கள். முடிந்தால் ஒரு ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். சிவப்பு மையில் ஆசிரியர் கேள்வி கேட்டிருக்கிறாரா, வெறும் டிக்கும் கையெழுத்துமா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்றும் கேளுங்கள், நாற்பது ஐம்பது பேரை ஒருவர் பார்க்கிறார் என்றால் வாராவாரம் உட்கார்ந்து பேச வழியே இல்லை.

செஞ்சிக்கோட்டை எழுதியது:

ஏரிக்கரை ஐயா, தம்பி உங்கள் பதிலைத் தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டான். அடுத்த வாரம் இரண்டு கல்லூரிக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன், சிவப்பு மை பார்க்கப் போகிறோம். இப்போதைக்கு அக்ரி பக்கம்தான் அவன் மனது சாய்கிறது, ஆனால் மாலதிமரம் எழுதியதைப் படித்த பிறகு பி.எஸ்.டபிள்யூ.வையும் விடமாட்டேன் என்கிறான். கடைசியாக ஒன்று, இந்தக் களப்பயிற்சிக் காலத்தில் தனியாகச் செலவு எவ்வளவு ஆகும்? கையில் இருப்பதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வரப்போரம் எழுதியது:

ராவே காலத்தில் மாதம் 3000 ரூபாய் உதவித்தொகை என்று ஸ்டூடண்ட் ரெடி திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கிற கல்லூரியில் அது கொடுக்கிறார்களா, எப்போது கைக்கு வரும் என்று சீனியர்களிடம் கேட்டுவிடுங்கள், பல்கலையோடு இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரியாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். வீட்டு வாடகை, மளிகை எல்லாம் குழுவில் பங்கு போட்டுக்கொள்வதுதான், கிராமத்தில் வாடகை குறைவு. பஸ் இல்லாத ஊர் விழுந்தால் பெட்ரோல்தான் பெரிய செலவு, ஒரு பழைய சைக்கிள் இருந்தால் எடுத்துப் போகச் சொல்லுங்கள். சமூகப்பணியில் வாரம் 2 நாள் பஸ் செலவு சொந்தக் காசு என்று நினைக்கிறேன், மாலதிமரம் அக்கா சரியா?

மாலதிமரம் எழுதியது:

ஆமாம், சொந்தக் காசுதான். பஸ் பாஸ் அந்த வழித்தடத்துக்குச் செல்லுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். பிளாக் பிளேஸ்மெண்ட் மட்டும் வெளியூர் என்றால் தங்கும் செலவு வரும். பணம் முடியாது என்று துறையில் நேராகச் சொன்னால் பக்கத்திலேயே நல்ல இடமாகப் பார்த்துப் போட்டுத் தருவார்கள், அதைக் கேட்கத் தம்பி கூச்சப்பட வேண்டாம்.